வீட்டுத் தெருவில் லாரி நிறுத்தலாமா? செட்டிநாட்டு ஊர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு ஐப்பசி மாத இரவு எங்கள் தெருவுக்கு செங்கல் ஏற்றிய டிப்பர் ஒன்று வந்தது. பின்னால் எடுக்கும்போது இடது பின்சக்கரம் வாய்க்கால் மூடியிருந்த கல்மேல் ஏறி, கல் இரண்டாகப் பிளந்து உள்ளே விழுந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று டிரைவர் வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். விடியற்காலையில் மழை கொட்டியது. ஊருணிக்கு (ஊர்ப் பொதுக் குளத்துக்கு) போகவேண்டிய தண்ணீர் வழி அடைபட்டுத் திரும்பி, மூன்று வீட்டுத் திண்ணையைத் தொட்டுவிட்டது. அன்றைக்கு அந்த டிரைவரைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்ட கூட்டத்தில் நானும் இருந்தேன். எந்தச் சட்டம், எந்த அலுவலகம், என்ன கேட்கவேண்டும் என்று கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மனு எழுதி, அலைந்து, வண்டிக்காரர்களோடு உட்கார்ந்து பேசித் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். தெருவில் குடியிருப்பவருக்கும் இது பயன்படவேண்டும், லாரியோ, குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியோ வைத்துப் பிழைப்பவருக்கும் பயன்படவேண்டும். பல வீடுகளில் இரண்டும் ஒரே ஆள்தான்.

சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

மஞ்சள் நம்பர் பிளேட் வண்டியை வீட்டுத் தெருவில் நிறுத்தவே கூடாது என்று பலர் நம்புகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படிப் பொதுவான தடை எதுவும் இல்லை. 'ரோடு டாக்ஸ் கட்டுறேன், எங்க வேணாலும் நிப்பாட்டுவேன்' என்று வண்டிக்காரர்கள் சொல்வதற்கும் அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. வண்டி யாருடையது, என்ன பிளேட் என்று சட்டம் முதலில் பார்ப்பதில்லை. நிற்கிற வண்டியால் அடுத்தவருக்கு ஆபத்தோ தடையோ உண்டா என்றுதான் பார்க்கிறது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் நமக்கு வேண்டிய பிரிவுகள் நான்கைந்துதான். பிரிவு 122: பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்து, இடைஞ்சல், அளவுக்கு மீறிய சிரமம் தரும்படியோ, தரக்கூடும் என்கிற நிலையிலோ வண்டியை விடக்கூடாது. 'தரக்கூடும்' என்ற சொல் முக்கியம். விபத்து நடந்த பிறகுதான் புகார் கொடுக்கவேண்டும் என்பதில்லை.

பிரிவு 127: பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் விடப்பட்ட வண்டியையும், தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியையும் இழுத்துச் செல்லவோ, சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ சீருடையில் உள்ள காவல் அதிகாரி உத்தரவிடலாம். செலவு வண்டி உரிமையாளர் தலையில். பிரிவு 201: போக்குவரத்துக்குத் தடையாக வண்டியை வைத்திருந்தால் 500 ரூபாய் வரை அபராதம். 2019 திருத்தத்துக்கு முன்னால் இந்தப் பிரிவு பழுதாகி நின்ற வண்டிக்கு மட்டும் இருந்தது, இப்போது எந்த வண்டிக்கும் பொருந்தும். தனி அபராதம் குறிக்கப்படாத மற்ற மீறல்களுக்குப் பிரிவு 177: முதல் தடவை 500, அடுத்தடுத்த தடவைகளுக்கு 1,500 ரூபாய் வரை.

இதோடு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 285ஐயும் தெரிந்துகொள்ளுங்கள். பொது வழியை மறிப்பதற்கு 5,000 ரூபாய் வரை அபராதம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதே குற்றத்துக்கு 200 ரூபாய்தான் இருந்தது.

எங்கெங்கே நிறுத்தக்கூடாது என்பதை 2017ஆம் ஆண்டு மோட்டார் வாகன (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. தெரு முனை, வளைவு, நடைபாதை, பஸ் ஸ்டாப், பள்ளி அல்லது ஆஸ்பத்திரி வாசல், அடுத்தவர் வீட்டு நுழைவாயில், ஏற்கெனவே நிற்கும் வண்டிக்கு இணையாக இரண்டாவது வரிசை ஆகிய இடங்கள் இதில் வரும். ஆள் இல்லாத வீட்டு வாசலும் வாசல்தான். வருஷத்துக்கு ஒருமுறை முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ மட்டும் திறக்கிற பெரிய வீடுகள் நம் பக்கத்தில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கேட்க ஆளில்லை என்று அந்த முகப்புகளுக்கு முன்னால்தான் வண்டிகள் வரிசைகட்டுகின்றன. அந்த வீட்டைப் பார்த்துக்கொள்பவர் சாவியோடு வந்து வாசலைத் திறக்கமுடியாமல் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதல் வேலை: தெரு யாருடைய பொறுப்பு என்று கண்டுபிடியுங்கள்

இதைச் செய்யாமல் மனு எழுதினால் மனு மேசை மேசையாகச் சுற்றும். செட்டிநாடு ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லை. பெரும்பகுதி சிவகங்கை மாவட்டம், திருமயம், பொன்னமராவதி பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். காரைக்குடி 2024ல் மாநகராட்சி ஆனது. தேவகோட்டை நகராட்சி. கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் பேரூராட்சிகள். ஆத்தங்குடி கிராம ஊராட்சி.

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் பொருந்தும். பெயரில் 1998 என்று இருந்தாலும் அது நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில். அங்கே ஆணையருக்கோ செயல் அலுவலருக்கோ எழுதவேண்டும். கிராம ஊராட்சிக்கு 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம். தலைவர் பொறுப்பில் இருந்தால் அவருக்கு, தலைவர் இல்லாத தனி அலுவலர் காலமாக இருந்தால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு.

உங்கள் வீடு திருமயத்திலிருந்து காரைக்குடி, தேவகோட்டை வழியாக இராமநாதபுரம் போகும் தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தாலோ, நெடுஞ்சாலைத் துறை சாலையில் இருந்தாலோ, சாலைக்குச் சொந்தக்காரர் வேறு. அந்தந்தத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகவேண்டும். சந்தேகம் இருந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் சாலைப் பதிவேட்டைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே பிரித்துக்கொள்ளுங்கள். வண்டியை அப்புறப்படுத்துவதும் அபராதம் போடுவதும் காவல் நிலையத்தின் வேலை. உடைந்த வாய்க்கால், ஆக்கிரமிப்பு, வண்டி நிறுத்த மாற்று இடம் ஆகியவை உள்ளாட்சியின் வேலை. ஒரே மனுவில் இரண்டையும் கலந்து எழுதினால் இருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

டேப்பை எடுத்துத் தெருவை அளந்துவிடுங்கள்

எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் எல்லா வாக்குவாதத்தையும் முடிப்பது ஒரு டேப்தான். 'ரொம்ப இடைஞ்சலா இருக்கு சார்' என்றால் அதிகாரி தலையாட்டுவார். 'மீதி இருப்பது ஏழரை அடி' என்றால் பேனாவை எடுப்பார்.

கணக்கு இப்படி. சுவருக்குச் சுவர் 20 அடி உள்ள தெருவை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் வாய்க்கால் 2 அடி வீதம் போனால் வண்டி ஓடக்கூடிய அகலம் 16 அடி. இந்தியாவில் ஒரு வண்டியின் அகலம் சட்டப்படி 2.6 மீட்டருக்கு மிகக்கூடாது, அதாவது எட்டரை அடி. பெரிய லாரி ஒன்று ஒரு ஓரமாக நின்றால் மீதி ஏழரை அடி. எதிர்ப்பக்கம் ஒரே ஒரு பைக் நின்றாலே ஆம்புலன்ஸ் நுழையாது. தீயணைப்பு வண்டி பைக் இல்லாவிட்டாலும் நுழையாது. அதே இடத்தில் ஐந்தடி அகலமுள்ள குட்டியானை நின்றால் பதினொரு அடி மிஞ்சும், எல்லாம் போகும். ஆக இந்தத் தெருவில் குட்டியானையோடு சண்டை போடுவது வீண் வேலை.

நம் ஊர்த் தெருக்கள் நேர்கோட்டில் நல்ல ஒழுங்கோடு போடப்பட்டவை. ஆனால் போட்டது மாட்டுவண்டிக் காலத்தில். வீடுகள் முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீளமாகப் போகும். அதனால் 'பின்தெருவில் நிறுத்திக்கொள்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். முகப்புத் தெருவையும் அளக்கவேண்டும், பின்தெருவையும் அளக்கவேண்டும். பின்தெரு பல இடங்களில் ஒடுக்கம். பெரிய வீடுகளில் வயதானவர்கள் புழங்குவதும் பெரும்பாலும் பின்கட்டில்தான்.

அளக்கும்போது மூன்று இடத்தில் அளங்கள்: தெரு தொடங்கும் முனை, வண்டி நிற்கும் இடம், மின்கம்பமோ டிரான்ஸ்ஃபார்மரோ உள்ள மிக ஒடுங்கிய இடம். வீட்டுப்படி, சாய்வுமேடை தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். நம் படிக்கட்டு நாலடி தெருவுக்குள் இருக்கும்போது லாரிக்காரரை மட்டும் குற்றம் சொன்னால், அளக்க வருகிற பணியாளர் முதலில் நம் படியைத்தான் குறிப்பார்.

என்ன வண்டி, என்ன சுமை

எல்லா வண்டியும் ஒன்றல்ல. காலி லாரி ஒரு மாதிரி, முழு லோடோடு நிற்கும் டாரஸ் என்கிற பெரிய லாரி ஒரு மாதிரி. லோடு வண்டி வாய்க்கால் மூடிக்கல் மேல் ஒரு சக்கரத்தை வைத்தாலும் கல் தாங்காது. கூரையிலும் வளவிலும் (வீட்டு நடு முற்றத்திலும்) விழும் மழையைத் தெரு வாய்க்காலுக்கும், அங்கிருந்து ஊருணிக்கும் கொண்டுபோகும்படிதான் நம் ஊர்கள் அமைந்திருக்கின்றன. வாய்க்கால்மேல் நிற்பதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஊருணிக் கரையும் அப்படித்தான். கரை அகலமாக இருக்கிறதே என்று லாரி, வேன் எல்லாம் அங்கே ஏற்றி நிறுத்துகிறார்கள். கரை மண் இறுகி, வரத்துக்கால் மேடு தட்டி, டீசலும் ஆயிலும் மழையோடு தண்ணீரில் இறங்குகிறது. இது கண்ணில் பட்டால் பக்கத்து வீட்டுப் பிரச்சினை என்று ஒதுங்காமல் ஊரே சேர்ந்து கேட்கவேண்டும்.

சிலிண்டர், பெட்ரோல், டீசல் ஏற்றிய வண்டிக்கு விதி இன்னும் கடுமை. ஆபத்தான பொருள் ஏற்றிய வண்டி நிற்கும்போதும் டிரைவரோ பொறுப்பான வேறு ஆளோ எப்போதும் கூடவே இருந்து கவனிக்கவேண்டும் என்கின்றன 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள். டிரைவர் வீட்டுக்குத் தூங்கப் போய்விட்டு சிலிண்டர் லாரி தெருவில் தனியே நின்றால் யாரோடும் பேசிக்கொண்டிருக்கவேண்டாம், நேரே 112க்கு அழையுங்கள்.

சுற்றுலா வேன், பஸ் வேறு வகை. கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் வீடு பார்க்க வருகிறவர்களை இறக்கிவிட்டு, ஏசி ஓடுவதற்காக இன்ஜினை அணைக்காமல் ஒரு மணி நேரம் முகப்புக்கு எதிரேயே நிற்பார்கள். இறக்கிவிட்டு ஊர் எல்லையில் போய் நில்லுங்கள், முடிந்ததும் போன் பண்ணி வரச்சொல்லலாம் என்று ஓட்டல்காரரோ வழிகாட்டியோ முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

சொந்தக் காலிமனையில் வண்டி நிறுத்துவது தெருவை மறிக்காது. ஆனால் அந்த மனையே நாலைந்து லாரி நிற்கும் ஷெட்டாகி, வெல்டிங், கிரீஸ், டயர் மாற்றுதல் என்று தொழில் நடக்கத் தொடங்கினால் அது வண்டி நிறுத்தும் விவகாரத்தைத் தாண்டிவிடுகிறது. குடியிருப்புப் பகுதியில் அந்த இடத்தை அப்படிப் பயன்படுத்த அனுமதி உண்டா, தொழில் உரிமம் இருக்கிறதா என்று உள்ளாட்சியில் கேட்கவேண்டிய விஷயம் அது.

இரவுச் சத்தம்

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அந்த நேரத்தில் குடியிருப்புப் பகுதியில், அவசரத் தேவை தவிர, ஹாரன் அடிக்கவே கூடாது. குடியிருப்புப் பகுதிக்கான ஒலி அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. அதிகாலை நான்கு மணிக்கு கிளீனரை எழுப்ப ஹாரன் அடிக்கிற பழக்கம் சில டிரைவர்களுக்கு உண்டு. போன் இருக்கும் காலத்தில் அதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் வண்டிக்காரர் பக்கமிருந்து சொல்லவேண்டும். காலையில் லாரியை ஸ்டார்ட் செய்துவிட்டு உடனே எடுக்காமல் உறுமவிடுவதைப் பார்த்து நாம் எரிச்சல்படுகிறோம். ஏர் பிரேக் வண்டியில் டேங்கில் காற்று ஏறினால்தான் பிரேக் விடுபடும், பிடிக்கவும் செய்யும். ஏர் ஏறும்வரை நின்றுதான் ஆகவேண்டும். அது சில நிமிஷ வேலை. இருபது நிமிஷம் ஆகிறது என்றால் எங்கேயோ காற்றுக் கசிகிறது. அதைச் சரிசெய்வது தெருவுக்கும் நல்லது, வண்டியில் போகிறவர் உயிருக்கும் நல்லது.

இருட்டில் நிற்கும் வண்டிக்கு பார்க்கிங் விளக்கு எரியவேண்டும், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் அழுக்கு மூடாமல் இருக்கவேண்டும். தெருவிளக்கு இல்லாத ஊரில் பைக்கில் வருகிறவர் உயிர் அந்த ஸ்டிக்கரில் இருக்கிறது. சக்கரத்துக்கு அண்டக்கொடுத்த கல்லைத் தெருவிலேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்துப்போவது இன்னொரு கொடுமை. மரக்கட்டையைப் பயன்படுத்துங்கள், கயிறு கட்டி வண்டியிலேயே மாட்டிக்கொள்ளுங்கள்.

மனுவுக்கு முன்னால் ஒரு பேச்சு

எங்கள் தெருவில் விவகாரம் தீர்ந்தது காவல் நிலையத்தில் இல்லை, எண்பது வயது தாண்டிய ஓர் ஆச்சி வீட்டுத் திண்ணையில்தான். தெருவில் லாரியை நிறுத்திவந்த டிரைவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்துவிட்டு ஆச்சி கேட்டார்:

"ஏந்தம்பி, மெயின் ரோட்டுல அவ்வளவு எடம் கெடக்கே, இந்தச் சந்துக்குள்ள கொண்டாந்து ஏன் சொருகுறே?"

"அங்க போட்டா டீசல உறிஞ்சிருவாய்ங்க ஆச்சி. போன மாசம் பேட்டரிய கழட்டிட்டுப் போயிட்டாய்ங்க. ஸ்டெப்னியும் போச்சு. இங்கன்னா வீட்டு ஜன்னல்ல இருந்து பாத்துக்கிருவேன்."

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நிப்பாட்டாதேன்னு சொல்லலப்பா. இந்த வாசல்ல இருந்து என்னைய ஒரு கட்டில்ல தூக்கிக்கிட்டு போற அளவுக்கு வழி விடு. அது போதும்" என்றார்.

டிரைவர் எழுந்துபோய்க் கைகளை விரித்து வாசலுக்கும் வண்டிக்கும் நடுவே நின்று பார்த்தார். ஒரு முழங்கை மடங்கியது. அன்றைக்கே வண்டியை எடுத்தார்.

டீசல் திருட்டுப் பயம் உண்மை. அதைக் கேட்காமல் 'எடு வண்டிய' என்றால் மறுநாளும் அங்கேயேதான் நிற்கும். அதனால் பேசப் போகும்போது மாற்று இடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்: சுற்றுச்சுவர் உள்ள காலிமனை, ரைஸ்மில் வளாகம், கேமரா உள்ள பெட்ரோல் பங்க் ஓரம். நாங்கள் ஒரு காலிமனைக்காரரிடம் பேசி மாத வாடகைக்கு இடம் பிடித்துக் கொடுத்தோம். வாடகையை இரண்டு வண்டிக்காரர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். வாடகை எவ்வளவு, எந்த நேரம், எத்தனை வண்டி, ஆயில் கொட்டினால் யார் சுத்தம் செய்வது என்று ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிட்டால் பின்னால் தகராறு வராது.

கோபத்தில் செய்யவே கூடாதவையும் உண்டு. டயரில் காற்றைப் பிடுங்குவது, கண்ணாடியை உடைப்பது, டேங்கில் மணல் போடுவது எல்லாம் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 324ன் கீழ் சேதம் விளைவித்த குற்றம். புகார்தாரராகப் போகவேண்டிய நீங்கள் குற்றவாளியாகப் போவீர்கள். வீட்டுக்கு முன்னால் டிரம், கல், சங்கிலி போட்டு இடம் பிடிப்பதும் பொது வழியை மறிப்பதுதான். நாமே எழுதி மாட்டிய 'நோ பார்க்கிங்' பலகைக்குப் பொதுத் தெருவில் சட்ட பலம் கிடையாது. ஆனால் வாசலை மறிக்கக்கூடாது என்ற விதிக்குப் பலகையே தேவையில்லை.

பேச்சு எடுபடவில்லை என்றால்

மூன்று நான்கு நாள் போட்டோ எடுங்கள். நம்பர் பிளேட், வாசல், தெருவின் மீதி அகலம் மூன்றும் ஒரே படத்தில் தெரியவேண்டும். டேப்பை விரித்து வைத்து எடுத்த படம் இன்னும் நல்லது. இரவு ஒரு படம், காலை அதே இடத்தில் ஒரு படம் எடுத்தால் 10 மணி நேரக் கணக்கு தானாகத் தெரியும்.

அவசரம் என்றால், ஆம்புலன்ஸ் வர வழியில்லை என்றால், மனுவெல்லாம் வேண்டாம். 112 அல்லது 100. மற்றபடி உங்கள் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான எண்ணுள்ள ரசீது) வாங்குங்கள். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். இரண்டாவது முறை போகும்போது அந்த எண்தான் உங்களுக்காகப் பேசும். தனி ஆளாகக் கொடுப்பதைவிட ஆறேழு வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்டால் எடை கூடும், ஒருவர்மேல் பகை விழுவதும் குறையும்.

மனுவின் உடல் இவ்வளவு இருந்தால் போதும்:

"எங்கள் தெருவில் வாய்க்கால் நீங்கலாக வண்டி ஓடும் அகலம் 16 அடி. (பதிவெண்) லாரி (தேதிகள்) ஆகிய நாட்களில் இரவு 8 மணி முதல் காலை 7 மணி வரை ஆளில்லாமல் நிறுத்தப்பட்டிருந்தது. அப்போது மீதி வழி ஏழரை அடி மட்டுமே. தெருவில் நடமாட முடியாத முதியவர்கள் (எண்ணிக்கை) பேர் உள்ளனர். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவுகள் 122, 127, 201ன்படி நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறோம். படங்கள் இணைப்பு."

உள்ளாட்சிக்குக் கொடுக்கும் தனி மனுவில் உடைந்த வாய்க்கால் கல், ஊருணிக் கரை இவற்றை எழுதுங்கள். கூடவே ஒரு கோரிக்கை வையுங்கள்: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 117ன்படி வண்டிகள் நிறுத்த ஓர் இடத்தை முறைப்படி அறிவிக்கவேண்டும் என்று. மாநில அரசோ, அரசு அதிகாரம் அளித்த அதிகாரியோ உள்ளாட்சியோடு கலந்துபேசி இதைச் செய்யலாம். அதே சட்டத்தின் பிரிவு 115ன்படி குறிப்பிட்ட தெருவுக்குள் கனரக வண்டி நுழையவே கட்டுப்பாடு விதிக்கவும் வழி உண்டு. 'லாரியை எடுங்கள்' என்ற மனுவைவிட, 'லாரிக்கு இடம் கொடுங்கள்' என்ற மனுவுக்கு வண்டிக்காரர்களும் கையெழுத்துப் போடுவார்கள். எங்கள் மனுவில் போட்டார்கள்.

கிராம ஊராட்சியாக இருந்தால் கிராம சபையை விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடுகிறது. எழுந்து பேசுவதோடு நிற்காமல் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை நில்லுங்கள். நகர்ப்புறத்தில் உங்கள் வார்டின் பகுதி சபையில் வைக்கலாம்.

இரண்டு மூன்று வாரத்தில் அசைவு இல்லையென்றால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள், அல்லது 1100க்கு அழைத்து 'முதல்வரின் முகவரி' என்ற அரசின் புகார்ப் பிரிவில் பதிவு செய்யுங்கள். இரண்டிலும் சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, 'இந்தத் தெருவில் வண்டி நிறுத்தத் தடை அறிவிப்பு உள்ளதா, என் மனுமீது எடுத்த நடவடிக்கை என்ன' என்று கேட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும்.

கடைசிப் படி வருவாய் கோட்டாட்சியர். காரைக்குடி, தேவகோட்டை வட்டங்களுக்கு அவர் தேவகோட்டையில் இருக்கிறார். பொது வழியில் உள்ள தடையை நீக்க பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 152ன் கீழ் அவர் நிபந்தனை உத்தரவு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 என்று வழக்கறிஞர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். ஒரே வண்டி மாதக்கணக்கில் கேட்காமல் நிற்கிறது, அல்லது ஓடாத லாரி துருப்பிடித்து வாசலில் கிடக்கிறது என்றால் மட்டும் இதற்குப் போங்கள்.

கல்யாணம், ஷூட்டிங், கட்டட வேலை

பெரிய வீட்டில் விசேஷம் என்றால் பாத்திர வண்டி, பந்தல் வண்டி, ஜெனரேட்டர், உறவினர் வேன்கள் என்று தெரு நிறைந்துவிடும். யாரும் இதற்குப் புகார் கொடுக்கப்போவதில்லை. ஆனாலும் தெருவின் ஒரு பக்கத்தை முழுவதும் காலியாக வைக்கச் சொல்லி, ஒரு பையனைச் சட்டையில் பேட்ஜ் குத்தி முனையில் நிறுத்துங்கள். எந்த வண்டி யாருடையது என்று போன் நம்பரோடு ஒரு நோட்டில் எழுதி அவனிடம் கொடுங்கள். தெருவை அடைத்துப் பந்தல் போடுவதானால் உள்ளாட்சி, காவல் நிலையம் இரண்டிலும் அனுமதி வாங்கவேண்டும். சினிமா ஷூட்டிங்குக்கும் அதேதான். கேரவனும் ஜெனரேட்டர் லாரியும் இரண்டு மூன்று நாள் நிற்கும் என்பதால், வீட்டை வாடகைக்கு விடும்போதே வண்டிகள் எங்கே நிற்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

பழைய வீட்டைப் பிரிக்கும் வேலையும் புதுப்பிக்கும் வேலையும் நம் பக்கம் ஓய்வதில்லை. தேக்குத் தூணும் கற்தூணும் ஏற்ற வரும் லாரி, மணல் கொட்டும் டிப்பர், ஆத்தங்குடி தரைக்கல் இறக்கும் வண்டி எல்லாம் பகலில் வந்து பகலிலேயே போகட்டும். லோடு வருகிற நேரத்தை முந்தின நாளே அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள். வாய்க்கால்மேல் வண்டி ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் கனமான இரும்புத் தகட்டைக் குறுக்கே போட்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிடச் சொல்லுங்கள். கல் உடைந்தால் புதுக்கல் போடுவது வேலை எடுத்த மேஸ்திரியின் பொறுப்பு என்று கூலி பேசும்போதே பேசிவிடுங்கள். மணல் அள்ளி முடிந்த அன்றைக்கே கம்பியை விட்டு வாய்க்காலைக் குத்திப் பார்த்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அது அடுத்த வீட்டு வாசலைத் தாண்டி ஊருணிப் பக்கம் ஓடுகிறதா என்று நின்று பாருங்கள்.